நான் ஏலத்துக்குக் கொடுத்த போர்கள்

அன்புள்ள சாமு,

கடிதம் என்றால் ஸ்தோத்திரம் சொல்லித்தான் தொடங்குவேன் என்று உனக்குத் தெரியும். இதை அப்படித் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீயும் அப்பாவும் சேர்த்துவைத்த சண்டைக் காமிக்ஸ் புத்தகங்கள் இருந்த தகரப் பெட்டியை நான் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கொடுத்த பிறகும் சொல்லவில்லை. நீ போன் பண்ணிப் பெட்டியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "இருக்கு, இருக்கு" என்று சொல்லியிருக்கிறேன். இப்போதுகூட போனில் சொல்லியிருக்கலாம். நீ "பரவால்லம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். உங்கப்பா இருந்தவரை அவருக்கும் அதே பழக்கம்தான். அந்தப் பரவாயில்லையைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. கிறிஸ்துமஸுக்கு நீயும் ஜெனியும் மலை ஏறி வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிடுகிறேன். திட்டுவதாக இருந்தால் வரும் வழியிலேயே யோசித்து வைத்துக்கொண்டு வா.

அந்தப் பெட்டி எப்படி நிறைந்தது என்பது உன்னைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அப்பா தான் ஓட்டிய ஜீப்புக்கு ஏதாவது சாமான் வாங்கப் போடிக்கு இறங்கினால், திரும்பி வரும்போது சாமான் இருக்கிறதோ இல்லையோ, சீட்டுக்கு அடியில் ஒரு பழைய புத்தகம் இருக்கும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழைய புத்தகம் விற்கிற ஆளிடம் சொல்லி வைத்திருந்தார். துப்பறியும் கதை, மாயாவிக் கதை எதுவும் அவருக்கு வேண்டாம். போர் இருக்க வேண்டும். வாளும் கேடயமும் வைத்துக்கொண்டு சண்டை போடுகிற காலம், கோட்டைக்கு ஏணி போட்டு ஏறுகிற காலம், வரிசையாக நின்று துப்பாக்கி சுடுகிற காலம், பதுங்கு குழி, பாலைவனத்தில் டாங்கி, ஆகாயத்தில் விமானம், எந்தக் காலமாக இருந்தாலும் சரி. அட்டை கிழிந்து, முன்னால் இருந்தவன் பெயர் எழுதி, கறுப்பு வெள்ளையில் அச்சடித்த மட்டக் காகிதம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவருக்கு எந்த ராஜா எந்த மலையைத் தாண்டினான் என்று தெரிந்ததெல்லாம் அந்தக் காகிதத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிடுவீர்கள். உன் கையில் கிரேயான், அவர் கையில் பேனா. அவர் வாசிப்பார், நீ கலர் அடிப்பாய். யானைகளைக் கூட்டிக்கொண்டு பனிமலை தாண்டிப் போன படையின் கதை வந்த அன்று, "ஏம்ப்பா, நம்ம ஊரு ஆன சண்டைக்குப் போவுமா?" என்று நீ கேட்டாய். "நம்ம ஆன எதுக்குலே அவ்ளோ தூரம் போவணும்? ரேஷன் கடக் கதவ ஒடைக்கவே அதுக்கு நேரஞ் சரியா இருக்கு" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நான் அடுப்படியில் கறி கிண்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நீங்கள் சிரித்து முடித்த பிறகு நான் தனியாகச் சிரிப்பது எப்படி என்று வாயை மூடிக்கொண்டேன். வாரம் முழுக்கத் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் நிற்கிறவள் நான் ஒருத்திதானே என்ற எரிச்சல். ஒருநாள் கரண்டியோடு வந்து வாசலில் நின்று, "இம்புட்டு ஆளு சண்ட போடுறானுவளே, இவனுவளுக்கெல்லாம் யாரு சோறு பொங்குறா? அத எந்தப் படத்துலயாவது போட்ருக்கானா?" என்று கேட்டேன். வீம்புக்குத்தான் கேட்டேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்ல கேள்வி" என்றார். கேலி என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்கடுத்த வாரத்திலிருந்துதான் நீ என்னைக் கூப்பிட ஆரம்பித்தாய். "யம்மா, இங்க வாயேன். நீ இதுல இருக்க, பாரேன்." அப்பாவும் சேர்ந்துகொள்வார். "ஏ புள்ள, சித்த வந்து பாத்துட்டுப் போ." சண்டைப் புத்தகத்தில் என்னைப் போட்டிருக்கிறார்கள் என்றால் வேறு எதற்கு? சண்டைக்காரி என்று படம் போட்டுச் சிரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நம் லயத்து வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாயடியில் எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது உனக்குத் தெரியும். "அடுப்புல வேல கெடக்கு. ஒங்க சண்டைக்கெல்லாம் நான் வரல" என்று அங்கிருந்தே சொல்வேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் கூப்பிட்டாய். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டாய். எப்போது விட்டாய் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. கூப்பிட்டது நினைவிருக்கிறது, நின்றுபோனது தெரியவில்லை.

இப்போது ஏலத்துக்கு வருகிறேன். நம் சபையின் வழக்கம் உனக்குத் தெரியும், ஜெனி வேறு ஊர்க்காரி, அவளுக்கு நீ சொல்லிக் கொடு. அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்கு வீட்டிலிருந்து ஒரு பொருளைக் காணிக்கையாகக் கொண்டுபோவோம். பூசணிக்காய், சேவல், ஏலக்காய், பலகாரம். ஆராதனைக்குப் பிறகு கோயில் வாசலில் உபதேசியார் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஏலம் விடுவார். கடையில் கேட்பாரற்றுக் கிடக்கிற பூசணிக்காய் அங்கே ராஜாவாகிவிடும். இந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின வாரம் போதகர் ஐயர் பிரசங்கத்தில், கொல்லையில் மிஞ்சினதைக் கொண்டுவராதீர்கள், கொடுக்கும்போது மனசு கொஞ்சமாவது வலிக்க வேண்டும் என்றார். அது என் மனதில் நின்றது. அடுத்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நீ போன் பண்ணினாய். எனக்கு ரிட்டயர்மெண்ட் வருகிறது, லயத்து வீட்டைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனால் கோயம்புத்தூருக்கு உன் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னாய். நல்ல பிள்ளை. ஆனால் எப்படிச் சொன்னாய் தெரியுமா? "பெட்டிய பத்திரமா எடுத்துக்கம்மா. அதோட நீயும் வந்துரு." நீ ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது முதுகில் அடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவையும் நீ முதலில் கேட்பது பெட்டியைத்தான். என் மூட்டு வலி அப்புறம்தான். பெட்டிக்குத் துணையாக என்னையும் வண்டியில் ஏற்றுகிறான் என்று நினைத்தேன்.

அதனால் பண்டிகைக்கு முந்தின நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. துடைத்து, தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். வழியில் கேட்டவர்களிடம், "பையனோட சொத்து, கர்த்தருக்குக் குடுக்கேன்" என்றேன். பெருமையாகவே சொன்னேன். எனக்கு அருமையானதைக் கொடுக்கச் சொன்னார்கள். நான் உனக்கு அருமையானதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, எனக்கு வலித்ததாகக் காட்டிக்கொண்டேன். வலிக்கவில்லை, சாமு. அன்றைக்கு எனக்கு லேசாக இருந்தது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது பெட்டிக்காக மட்டும் இல்லை. இந்த லேசுக்காகவும்தான்.

மறுநாள் ஐயர் ஆராதனையில் என் பெயரைச் சொல்லி, ஒரு தாய் தன் மகனின் பொக்கிஷத்தையே கொண்டுவந்திருக்கிறார் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும். ஏலத்தில் உபதேசியார் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்து, பிரசங்கம் வாசிக்கிற குரலில், "டுமீல்! ஐயோ! டுமீல்!" என்று வாசித்தார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். உங்கப்பா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்த அதே வரியாக இருந்திருக்கும். கேட்டவர்களில் கடைசி வரை நின்றவர் சூரியநெல்லிப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர். கோட்டயத்துப் பக்கத்து மலையாளி, பண்டிகைக்கு விருந்தாளியாக வந்திருந்தார். பழைய பொருள் என்றால் அவருக்கு உயிராம். பெட்டியை அவர் ஜீப்பில் ஏற்றினார்கள். நான் அசனத்துக்குப் பந்தியில் போய் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

போன மாதம் நீ ஒரு படம் அனுப்பினாய், நினைவிருக்கிறதா? உன் வீட்டு ஹாலில் புதிதாக ஒரு மர அலமாரி, கண்ணாடிக் கதவோடு. உள்ளே ஒன்றும் இல்லை. கீழே நீ எழுதியிருந்தாய்: "ஜெனி டிசைன். அப்பா புக்கு மேல் தட்டு. கீழ்த் தட்டு உன் பைபிள், கண்ணாடி, மாத்திரை." நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே அலமாரியில் மேலும் கீழுமாக எங்கள் இரண்டு பேருக்கும் இடம் போட்டிருக்கிறாய். நான் அதில் பாதியை விற்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குக் காட்டுக்கு வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சூப்ரவைசரிடம் சொல்லிவிட்டு, ஜீப் பிடித்துச் சூரியநெல்லிக்குப் போனேன்.

ஹோம்ஸ்டேக்காரர் மரியாதையாகத்தான் கூப்பிட்டார். "சேச்சி வாங்க, இரிக்கு. சாயா எடுக்கட்டே?" என்றார். நான் உட்காரவில்லை. அவருடைய முன் அறைச் சுவர் முழுக்க உன் புத்தகங்களின் பக்கங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. பின்னைக் கழற்றி, பக்கங்களை வெட்டி எடுத்திருந்தார். டூரிஸ்ட் பையன் ஒருவன் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். நான் கிட்டப் போனேன். யானைப் படையின் படம். நீ யானைக்கெல்லாம் நீலம் அடித்திருந்தாய். பின்னால் பனிமலை. அதன் சரிவில் பேனாவால் போட்ட சின்ன உருவம் ஒன்று. முதுகில் கூடை, தலையில் துணி. துணிக்கு மட்டும் மஞ்சள். நான் காட்டுக்குக் கட்டிக்கொண்டு போகிற அதே மஞ்சள். பக்கத்துச் சட்டத்தில் கோட்டைச் சண்டை. ஏணியில் ஏறுகிறவர்கள் யாரும் பார்க்காதபோது கோட்டைக்குப் பின்னால் குன்றில் அவள் குனிந்து கொழுந்து எடுக்கிறாள். அடுத்ததில் பாலைவனம். டாங்கிகளுக்கு நடுவில் ஒரு தூக்குவாளியோடு நிற்கிறாள். இந்தப் பக்கத்து ஆள் ஒருவன், அந்தப் பக்கத்து ஆள் ஒருவன், இரண்டு பேர் கையிலும் தேநீர்த் தம்ளர். அப்பாவின் கை அது. ஜீப் கண்ணாடியில் அவர் எழுதி வைத்திருந்த எழுத்து மாதிரியே கோணல்.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இரண்டு பேரும் பதில் போட்டிருக்கிறீர்கள். எல்லாக் காலத்துச் சண்டையிலும் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, இவளையும் கணக்கில் எடுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாரா வாரம் கூப்பிட்டுக் காட்டப் பார்த்தீர்கள். அடுப்பிலிருந்து ஜன்னலுக்கு எவ்வளவு தூரம் இருக்கும் அந்த வீட்டில்? நான் வரவில்லை. அவர் இருக்கும்போது வந்து பார்த்திருந்தால் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன், அந்த வேற்றாள் வீட்டில் நின்று அழுதுவிட்டேன். டூரிஸ்ட் பையன் பயந்துபோய் நகர்ந்துகொண்டான்.

ஹோம்ஸ்டேக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "சேச்சி, ஞான் பள்ளீலிருந்து வாங்கினது. திருப்பிக் கொடுத்தா பள்ளிக்காருக்கு விஷமம் ஆவாது இல்லே?" என்று கேட்டார். கோயிலில் வாங்கியதைத் திருப்பினால் சபைக்கு வருத்தம் வருமே என்று அவருக்குக் கவலை. நியாயம்தான். அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. நேராக ஐயரிடம் போனேன். காணிக்கையைத் திரும்பக் கேட்கிறவள் என்று நினைப்பாரோ என்று பயமாக இருந்தது. அவர் கேட்டுவிட்டு, "அது ஒங்களுதே இல்லையேம்மா, அப்பொறம் எப்படிக் காணிக்க ஆவும்?" என்றார். அவ்வளவுதான். நான் முதல் நாளே என்னையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவர் வேறு எதுவும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் என்னைப் புகழ்ந்தது சபை நடுவில், அதனால் அதே இடத்தில்தான் அதை இறக்கிவைக்க வேண்டும் என்று பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்து நின்றேன். வழக்கமாக நோய் குணமானது, வேலை கிடைத்தது என்று சொல்வோமே, அந்த நேரத்தில். "நான் குடுத்தது எம் புள்ளையோட பொருளு. எனக்கு அது மேல வயித்தெரிச்சலு. அதான் குடுத்தேன். நீங்க என்னைய நல்லவள்னு நெனச்சிட்டீங்க" என்று சொன்னேன். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த மேரிக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். குழாயடியில் என்னைச் சண்டைக்காரி என்று முதலில் சொன்னவள் அவள்தான். அன்று சாயங்காலமே ஹோம்ஸ்டேக்காரர் பெட்டியைக் கொண்டுவந்து லயத்தில் இறக்கினார். சுவரில் இருந்த பக்கங்களையும் கழற்றித் தருகிறேன் என்றார். ஆனால் சட்டத்தோடு ஒட்டியிருப்பதால் எடுத்தால் கிழியும் என்றார். என் பையன் வந்து சொல்லட்டும், அதுவரை இருக்கட்டும் என்றேன். இனி உன் பொருளில் நான் ஒரு முடிவும் எடுக்க மாட்டேன். வெட்டிய புத்தகங்கள் வெட்டியதுதான், சாமு. அவற்றைப் பழையபடி ஆக்க என்னால் முடியாது.

இதற்கு நடுவில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் நான் அம்மா, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெனி உன்னை எதையாவது பார்க்கக் கூப்பிட்டால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பார். அது ஒன்றுமில்லாத விஷயமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல். நீ கூப்பிட்டு அவள் வர மறுத்தால், நீ எழுந்து போய் அவள் கண்ணுக்கு முன்னால் அதைக் கொண்டுபோய்க் காட்டு. உன்மேலும் அப்பாமேலும் எனக்கு உள்ள ஒரே குறை அதுதான். வா வா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டீர்கள். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஒருத்தர் வந்திருக்கலாம். வந்திருந்தால் கரண்டியால் அடித்திருப்பேன் என்று நீ சொல்வாய். அடித்திருப்பேன். ஆனால் பார்த்தும் இருப்பேன்.

பெட்டி வந்ததிலிருந்து வேலைவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டு, ஜன்னல் ஓரம் உங்கள் இடத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன். பெண்கள் சங்கத்தில் அறிக்கை வாசிக்கிறவளுக்கு இது வாசிக்கத் தெரியாதா? சண்டை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. எந்தக் காலமானாலும் கடைசிப் பக்கத்தில் யாரோ ஒருவன் விழுந்து கிடக்கிறான். நான் முதலில் தேடுவது மலையைத்தான். மலை இல்லாத கதையில் ஒரு திட்டையாவது வரைந்து அதில் என்னை நிறுத்தியிருக்கிறார் உங்கப்பா. ஒரு கப்பல் சண்டையில் கடல் நடுவில் தேயிலைச் செடி ஒன்று முளைத்திருக்கிறது. அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். தனியாகத்தான்.

ஒரே ஒரு புத்தகத்தில் மட்டும் நான் இல்லை. பனியில் பதுங்கு குழி வெட்டிக்கொண்டு இரண்டு படைகள் எதிரெதிரே கிடக்கிற கதை. அது அப்பா வாங்கியது இல்லை. அவர் போன அடுத்த வருஷம் நீ மூணாறில் வாங்கிவந்தாய். அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது: "ஒங்கப்பா போயிட்டாரு. இன்னும் யாருகூட வெளையாடப் போற?" தனியாக உட்கார்ந்து அந்தப் புத்தகம் முழுக்கக் கலர் அடித்திருக்கிறாய். சிப்பாய்களின் கோட்டுக்குப் பச்சை, வானத்துக்குச் சாம்பல், லாந்தர் விளக்குக்கு மஞ்சள். ஆக, மஞ்சள் தீர்ந்துபோனதால் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு குன்று இருக்கிறது. அதில் மட்டும் கலர் இல்லை, ஆளும் இல்லை. வரைந்து அழித்த தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துத் தடவிப் பார்த்தேன். இல்லை. நீ என்னை வரையவே இல்லை.

பெட்டியின் மூலையில் மஞ்சள் கிரேயான் ஒரு துண்டு கிடக்கிறது. எனக்கு அவ்வளவாக வரையத் தெரியாது, ஆனால் ஒரு கூடையும் ஒரு தலைத்துணியும் போடத் தெரியும். போடவில்லை. கேட்காமல் உன் பொருளைத் தொட்டது போதும். நீ வா. உன் வீட்டுக் கீழ்த் தட்டைப் பற்றி இப்போது ஒன்றும் பேச வேண்டாம். முதலில் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைக்கிறேன். அந்த இடத்தை எனக்காக விட்டுவைத்தாயா, வேண்டாம் என்று விட்டாயா என்று சொல். எதுவாக இருந்தாலும் சொல். இந்தத் தடவை நான் அடுப்படியில் இருக்க மாட்டேன்.

அம்மா